பதிப்பு வரலாறு

உப்பு முதலில் விசைப்பலகையைத் தின்றது.
அப்புறம் உள்ளே சுற்றும் விசிறியை.
மூன்றாவது கச்சானில் கம்ப்யூட்டரே
வெறும் நண்டு ஓடாகி
மேசைமேல் உட்கார்ந்திருந்தது.
அதோடு போனது
சின்னப்பாலம் பெண்களின் நாலு மாதப் பாசி எடை.

"இனிமே எல்லாம் மேகத்துல" என்றான்
ராமநாதபுரத்திலிருந்து வந்த சர்வீஸ் பையன்.
பூமிராஜ் முதலாளி வெளியே போய்
அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.
"நம்ம ஜில்லா மேல
அது தங்கவே தங்காதேப்பா."

பையன் பஸ் ஏறிவிட்டான்.
விளக்கும் வேலை எனக்கு வந்தது.

ஐஸ் பிளாண்ட் மாதிரிண்ணே, என்றேன்.
உங்களிடம் ஐஸ் மெஷின் இருக்கிறதா? இல்லை.
எவனோ ஓட்டுகிறான்.
கரண்ட் பில் அவனுக்கு, துரு அவனுக்கு,
நடுராத்திரி மோட்டார் நின்றால்
கைலியை மடித்துக்கொண்டு ஓடுவதும் அவன்.
நாம் பெட்டி எண்ணி வாங்குகிறோம்.
நண்டு பட்ட நாளில் முப்பது,
தடைக்காலத்தில் ஒன்றுமில்லை.
எடுத்த அளவுக்குத்தான் காசு.

"சாவி?"
சாவி ஒரு சொல். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
உங்கள் போனிலும் திறக்கும்.

"அப்ப என் கணக்கு எவன் கொட்டகையில கெடக்கு?"

நல்ல கேள்வி. எனக்கும் தெரியாது.
எங்கோ ஓர் ஊரில்
ஜன்னல் இல்லாத கட்டடம்.
உள்ளே பீரோ பீரோவாய் மெஷின்கள்,
பகலும் இரவும் ஏசி இரைச்சல்.
நம்புத்தாய் போட்ட பதினேழு கிலோ மரிக்கொழுந்துப் பாசியை
அதில் ஒன்று பிடித்து வைத்திருக்கிறது.
அது எரிந்துபோனாலும்
வேறோர் ஊரில், வேறொரு பீரோவில்
அதே பதினேழு கிலோ
நனையாமல் இருக்கும்.
மேகம் என்று இதற்குப் பேர் வைத்தவன்
கட்டடத்தை வரையச் சோம்பல் பட்டிருப்பான்.

ஐப்பசியில் கூண்டு ஏற்றினார்கள். மூன்றாம் எண்.
அன்று ராத்திரியே டவர் சாய்ந்தது.
ஐந்து நாள்
கணக்கு பத்திரமாக இருந்தது,
எங்களால்தான் அதன் கிட்டே போக முடியவில்லை.
தீவில் மாட்டிக்கொண்டவன்
கரை விளக்கைப் பார்ப்பதுபோல
திரையில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முதலாளி பழைய நோட்டைத் தேடி எடுத்தார்.
அதைக் கரையான் முழுக்கப் படித்து முடித்திருந்தது.

ஆறாம் நாள் சிக்னல் வந்தது.
பின்னாலேயே நம்புத்தாய் வந்தாள்,
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமல்.
"கணக்குப்புள்ள, என் அட்வான்ஸ் எவ்வளவு நிக்கிது?"

நாலாயிரத்து ஐந்நூறு என்றது திரை.

"நானூத்தியம்பதுல்ல வாங்குனேன்."

பையன் சொல்லித்தராமல் போன ஒரு மெனு உண்டு.
பதிப்பு வரலாறு.
அழுத்தினேன்.
கடல் உள்வாங்கும்போது பாறை தெரிவதுபோல
ஒவ்வொரு நாளாகக் கீழே தெரிந்தது.
புரட்டாசி. ஒரு செவ்வாய்க்கிழமை.
இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.
நானூற்றைம்பதின் பின்னால் ஒரு பூஜ்ஜியம்.
மாற்றியவர்: பூமிராஜ்.

விரல் தவறியிருக்கலாம். தூக்கக் கலக்கம்.
சின்னத் திரை, பெரிய கட்டைவிரல்.
ஐஸ் பிளாண்ட் என்றெல்லாம் சொன்ன நான்
இதை அவரிடம் சொல்லவில்லை:
அங்கே ஐஸ் கரைவதில்லை.
அழித்ததையும் சேர்த்தே வைத்திருப்பார்கள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
தொகையை ஒரு தடவை வாசித்தாள்.
நேரத்தை இரண்டு தடவை.
பிறகு, குரலைத் தாழ்த்தாமலே,
"மத்த பொம்பளைக பேரும் இதுல இருக்குமா?"

முதலாளியின் பைக் பாலத்தடியில் திரும்பும் சத்தம்.

'மீட்டமை' என்ற பொத்தானை அழுத்தினேன்.
பூஜ்ஜியம் போனது.
அதன் அடியில் உடனே
என் பெயர் ஏறியது, நேரத்தோடு.
இனி அதையும் யாராலும் அழிக்க முடியாது.

இருக்கட்டும்.
அடுத்த பேரைச் சொல்லு என்றேன்.